தீவு மக்களுக்குப் பட்ட கதிர்வீச்சு டோஸ்: யாரும் அளக்காததை எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

நளினி_குளுகோர்:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் மெடிக்கல் ஃபிசிக்ஸ் முதுகலை படிக்கிறேன், பகுதி நேரமாக. பகலில் பாயான் லெப்பாஸில் வேலை, ராத்திரியில்தான் புத்தகம், அதனால் கேள்வியில் தூக்கக் கலக்கம் தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

செமினாருக்குப் பசிபிக்கில் உள்ள மார்ஷல் தீவுகளை எடுத்திருக்கிறேன். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த 'காஸில் பிராவோ' குண்டு. ஏறக்குறைய 6 மெகாடன் வரும் என்று போட்ட கணக்கு 15 மெகாடனாக வந்து நின்றது, லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று நம்பியிருந்தார்கள், அதுவும் சேர்ந்து எரிந்துவிட்டது. கதிரியக்கச் சாம்பல் கிழக்கே போய் ரொங்கெலாப், அய்லிங்கினே, ரொங்கெரிக், உட்ரிக் தீவுகளில் விழுந்தது. ரொங்கெலாப்பில் 64 பேர், அய்லிங்கினேயில் 18 பேர், உட்ரிக்கில் 157 பேர். ரொங்கெலாப் மக்களை மார்ச் 3ஆம் தேதிதான் கப்பலில் ஏற்றினார்கள்.

இதுவரைக்கும் சரி. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் "ரொங்கெலாப்பில் முழு உடல் டோஸ் 175 ரேட்" என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள் (ரேட் என்பது உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு). அந்த மக்கள் யாரும் டோஸ் அளக்கும் பேட்ஜ் குத்திக்கொண்டு திரியவில்லையே, எங்கிருந்து வந்தது 175? என் மேற்பார்வையாளர் நிச்சயம் இதைத்தான் கேட்பார். தைராய்டு டோஸ் இன்னும் மோசம், எந்த ஆண்டுக் கட்டுரையைப் படிக்கிறோமோ அதைப் பொறுத்து எண் மாறுகிறது. கடைசியில் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு "உங்களுக்கு இவ்வளவு பட்டது" என்று சொல்ல முடியுமா முடியாதா? தெரிந்தவர்கள் விளக்கினால் புண்ணியமாகப் போகும்.


ரவி_செந்தூல்:

நளினி, நல்ல தலைப்பு எடுத்திருக்கிறாய் தங்கச்சி. நான் கேஎல்லில் (கோலாலம்பூர்) ஒரு மருத்துவமனையில் கதிர் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். மாதா மாதம் எல்லாருடைய பேட்ஜையும் வாங்கி அனுப்புவது என் தலையில்தான், பேட்ஜைக் காரிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வருகிற ஆட்களுக்கு டோஸ் மதிப்பிட்டு எழுதுவதும் என் தலையில்தான்.

வெளியிலிருந்து உடம்பில் படுகிற காமா டோஸ் இருக்கிறதே, அது ஓரளவுக்குப் பிடிபடுகிற பகுதி. மக்களைக் கப்பலில் ஏற்றிய சமயத்திலும் அதற்கு அப்புறமும் மீட்டரைத் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் பிடித்து அளந்தார்கள். அந்த அளவிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். புதிதாக விழுந்த சாம்பலுக்கு ஒரு பழைய விதி உண்டு: வெடித்ததிலிருந்து கழிந்த நேரம் 7 மடங்கானால் கதிர்வீச்சு வரும் வீதம் பத்தில் ஒன்றாக இறங்கிவிடும்.

உதாரணத்துக்கு, இது நானே வைத்துக்கொண்ட எண், ரொங்கெலாப் அளவு கிடையாது. வெடித்து 49 மணி நேரம் கழித்து மீட்டர் மணிக்கு 1 ரான்ட்ஜன் காட்டுகிறது (காமா கதிரைக் காற்றில் அளக்கும் பழைய அலகு, ரேட்டுக்கு ஏறக்குறைய சமம்). அப்படியென்றால் 7ஆவது மணியில் 10 இருந்திருக்கும். சாம்பல் 7ஆவது மணியில் வந்து சேர்ந்தது என்று வைத்து 49 வரைக்கும் கூட்டிப் பார், கிட்டத்தட்ட 113 ரான்ட்ஜன் வரும். அதில் 60 சதவீதத்துக்கு மேல் முதல் 14 மணி நேரத்திலேயே முடிந்துவிடும். அதாவது யாரும் அளக்காத நேரத்தில்தான் பெரும்பாலான டோஸ். இப்போது அதே மீட்டர், அதே 1 ரான்ட்ஜன், ஆனால் சாம்பல் 4ஆவது மணியிலேயே வந்துவிட்டது என்று வை: 154 ஆகிவிடும். வந்து சேர்ந்த நேரத்தை மூன்று மணி நேரம் மாற்றினால் டோஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறுகிறது. எவ்வளவு நேரம் தூவிக்கொண்டே இருந்தது என்பதும் ஊகம்தான். ஆக 175 என்பது மீட்டர் பாதி, ஊகம் பாதி.

பேட்ஜ் இல்லை என்றாயே, முழுக்க அப்படியும் இல்லை. ரொங்கெலாப்புக்குக் கிழக்கே ரொங்கெரிக்கில் அமெரிக்க வானிலை நிலையம் இருந்தது, 28 படையாட்கள். அங்கே ஃபிலிம் பேட்ஜ்கள் இருந்தன. வெளியே மாட்டிக் கிடந்த ஒன்று 98 ரான்ட்ஜன் காட்டியது. ஆட்கள் உள்ளேயும் வெளியேயுமாகப் போய் வந்தபோது போட்டிருந்தவை சுமார் 50 முதல் 65. ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்தவை 38! ஒரே தீவு, ஒரே சாம்பல், ஆனால் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து இரண்டரை மடங்கு வித்தியாசம். ரொங்கெலாப்பில் ஓலை வீடுகள், பிள்ளைகள் நாள் முழுக்க வெளியே. இந்த மூன்று எண்களையும் ஒரு ஸ்லைடில் போட்டுவிடு, மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

இன்னொரு சாட்சி இரத்தம். அந்த மக்களுடைய பிளேட்லெட் (இரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) நான்காவது வாரத்தில் அடிமட்டத்துக்கு இறங்கி அப்புறம் மெல்ல ஏறியது. 175க்கு ஏறக்குறைய அப்படித்தான் இறங்க வேண்டும். அதனால்தான் இந்த எண் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது. 2010இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்து ஆட்கள் முதலிலிருந்து மறுபடி போட்டபோதும் ரொங்கெலாப்புக்கு வெளி டோஸ் 1.6 கிரே, அதாவது 160 ரேட் வந்தது. தைராய்டு பெரிய கதை, ராத்திரி வந்து எழுதுகிறேன்.


தேதாரேக்_தம்பி:

குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும், ஒரு சின்ன சந்தேகம். அந்தத் தீவுத் தேங்காயெல்லாம் நம் ஊர்ப் பக்கம் வராதே? நான் இப்போதுதான் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) இளநீர் குடித்துவிட்டு வந்து இதைப் படிக்கிறேன் லா.


மாணிக்கம்_பட்டர்வொர்த்:

தம்பி, உன் இளநீர் பேராக்கிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வந்திருக்கும், நிம்மதியாகத் தூங்கு. ஆனால் கேள்வி நீ நினைத்ததைவிடப் பொருத்தமான கேள்வி, தேங்காயால்தான் பிகினிக்காரர்கள் இரண்டாவது தடவை வீட்டை விட்டார்கள். சுத்தம் செய்தாகிவிட்டது, திரும்பலாம் என்று சொல்லி 1970 வாக்கில் சில குடும்பங்கள் பிகினிக்குத் திரும்பின. ஆட்களைக் கருவிக்கு முன் உட்கார வைத்து உடம்பில் உள்ள, குண்டுச் சாம்பலில் வந்த கதிரியக்கப் பொருளான சீசியம்-137ஐ அளந்துகொண்டே வந்தார்கள், அது வருடத்துக்கு வருடம் ஏறியது, 1978இல் மறுபடி எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பவள மண்ணில் பொட்டாசியம் ரொம்பக் குறைவு. தென்னை பொட்டாசியத்தைத் தேடும், சீசியம் வேதியியலில் அதற்குப் பங்காளி, ஆகவே வேர் இதை இழுத்துக்கொள்ளும். பின்னாளில் மண்ணில் பொட்டாசியம் குளோரைடு உரத்தைக் கொட்டினால் தேங்காயில் சீசியம் நன்றாகக் குறைகிறது என்று லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் காட்டினார்கள்.

நளினிக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், இந்தத் துறை ஆள் இல்லை, ஆனால் படித்த வரைக்கும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ரவி வெளி டோஸைப் பற்றி அழகாகச் சொன்னார். அது நிலைத்து நின்றதற்குக் காரணம், அதில் மனிதர்களைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மீட்டர் போதும். வாய் வழியாகப் போன டோஸுக்கு அந்த மனிதர் அன்றைக்கு என்ன சாப்பிட்டார், எங்கிருந்து தண்ணீர் மொண்டார், கிணறா, கூரையிலிருந்து வடிந்த மழைத் தண்ணீர்த் தொட்டியா, மீன் காயப் போட்டிருந்தாரா, சோறு வெளியில் ஆறிக்கொண்டிருந்ததா, இதெல்லாம் தெரிய வேண்டும். ரொங்கெலாப்பில் வெள்ளைப் பொடி விழுந்தபோது அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, சாப்பாட்டில் விழுந்தது, தலைமுடியில் எண்ணெய் இருந்ததால் அதில் ஒட்டிக்கொண்டு தோல் வெந்தது.

இப்போது பிரெஞ்சு பொலினீசியாவைப் பார். 1966 முதல் 1996 வரை மொருரோவாவிலும் ஃபங்கட்டௌஃபாவிலும் பிரான்ஸ் நடத்திய 193 அணு வெடிப்புகள், அதில் 41 வானத்தில். 1966 ஜூலை 2இல் நடந்த 'அல்டபரான்' வெடிப்பின் சாம்பல் காம்பியே தீவுகளில் விழுந்தது. பிரெஞ்சு அணுசக்தி ஆணையம் 2006இல் டோஸ் கணக்குப் போட்டபோது அங்குள்ளவர்கள் மழைத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டது. 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் சில பத்திரிகையாளர்களும், ரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து, அவர்கள் தொட்டி மழைநீரைத்தான் குடித்தார்கள், ஆகவே டோஸ் கூட வரும் என்றார்கள். குழம்பில் உப்பு எவ்வளவு என்று ருசி பார்க்காமல் சமையல் குறிப்பை மட்டும் வைத்துச் சொன்ன மாதிரிதான் அந்தப் பழைய கணக்கு. ஒரு கிழவியிடம் "அம்மா, எங்கே தண்ணீர் எடுப்பீர்கள்?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.


ரவி_செந்தூல்:

மாணிக்கம் ஐயா சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: கேட்காமலும் இல்லை. மார்ஷல் தீவுகளில் உணவுப் பழக்கத்தைப் பற்றி நிறைய விசாரித்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் முப்பது நாற்பது வருடம் கழித்துக் கேட்டால் மனிதர்கள் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சொல்வார்கள், அந்த ஒரு நாளில் சாப்பிட்டதைச் சொல்லமாட்டார்கள். நம்மிடம் 1998 தீபாவளி மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் ஆட்டிறைச்சி என்போம், அன்றைக்கு உண்மையில் ஜுரத்தில் கஞ்சி குடித்திருக்கலாம்.

சரி, தைராய்டு. இதில் கையில் இருந்த நேரடிச் சான்று ரொம்பச் சின்னது. வெடித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பிறகு, 15, 16ஆவது நாள் வாக்கில், ரொங்கெலாப் மக்களின் சிறுநீரை வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் என்று தனித்தனியாகப் பார்க்காமல் பலருடையதை ஒன்றாகக் கலந்து, லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் அயோடின்-131 அளந்தார்கள் (உள்ளே போன அயோடினைக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிதான் இழுத்துச் சேர்க்கும்). அதிலிருந்துதான் எல்லாம்.

இந்த இடத்தில் கணக்கைப் பார். அயோடின்-131இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 8 நாள். 16 நாளில் கால்வாசி மிச்சம் இருக்கும், அளக்கலாம். ஆனால் வெடித்து ஒரு நாளுக்குள் சாப்பிட்டவர்களுக்கு அயோடின்-133தான் பெரிய எதிரி, அதன் அரை ஆயுள் 20.8 மணி நேரம். 16 நாளில் அது ஏறக்குறைய மூன்றரை லட்சத்தில் ஒரு பங்காகிவிடும், ஒன்றுமே தெரியாது. அயோடின்-135க்கு 6.6 மணி நேரம், அதைப் பேசவே வேண்டாம். தைராய்டை அதிகம் சுட்டது இந்தக் குறுகிய ஆயுள்காரர்கள். ஆனால் பாட்டிலில் கிடைத்தது 131 மட்டும். ஆகவே கிடைத்த ஒன்றை வைத்து, கிடைக்காத மற்றவை அன்றைக்கு எந்த விகிதத்தில் இருந்திருக்கும், அது சாப்பிட்ட நேரத்தைப் பொறுத்து எப்படி மாறும் என்று கட்டிக்கொண்டே போக வேண்டும். காலை பத்து மணிக்கு வந்த சாம்பலை மத்தியானச் சாப்பாட்டோடு சாப்பிட்டால் ஒரு எண், மறுநாள் சாப்பிட்டால் வேறு எண்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சங்கடம். ஒரு வயதுக் குழந்தையின் தைராய்டு 2 கிராம்கூட இருக்காது, பெரியவர்களுக்கு சுமார் 20 கிராம். அதே அளவு அயோடின் போனால் டோஸ் பத்து மடங்கு. குழந்தை குறைவாகத்தான் சாப்பிடும், அதனால் முழுப் பத்து வராது, ஆனாலும் பல மடங்கு. 1963இல் முதல் தைராய்டு கட்டி தெரிந்தது. வெடித்த சமயத்தில் பத்து வயதுக்குக் கீழே இருந்த ரொங்கெலாப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் கட்டி வந்தது. உட்ரிக் பக்கமும் வரத் தொடங்கியதும்தான் பழைய எண்களில் ஏதோ குறைகிறது என்று நன்றாக உறைத்தது. 1985இல் ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தார் மறுபடி போட்டபோது ரொங்கெலாப்பின் ஒரு வயதுக் குழந்தைக்கு 5000 ரேட், அதாவது 50 கிரே வந்தது. பழைய மதிப்பீட்டைவிடப் பல மடங்கு. 2010 கணக்கில் ரொங்கெலாப் பெரியவர்களுக்கு சராசரி 7.6 கிரே.

ஆக நளினி, உன் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது: வெளி டோஸ் 56 வருடத்தில் 175இலிருந்து 160க்கு வந்தது, அவ்வளவுதான். தைராய்டு பல மடங்கு குதித்தது. இரண்டும் ஒரே தீவு, ஒரே வெடிப்பு. இந்த இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால் மாணிக்கம் ஐயா சொன்ன மனத்தாங்கல் படமாகவே தெரியும்.


நளினி_குளுகோர்:

அண்ணா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. 133 கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது, வயிற்றைப் பிசைகிறது.

இன்னும் ஒரு சந்தேகம். மண்ணில் சீசியம்-137 இன்னும் இருக்கிறது, அரை ஆயுள் 30 வருடம். அதை அளந்து அன்றைய அயோடினைப் பின்னோக்கிக் கணக்குப் போட முடியாதா? பல் எனாமலை வைத்தும் டோஸ் பார்க்கலாம் என்று எங்கேயோ படித்தேன்.


ரவி_செந்தூல்:

முடியும், 2010 கணக்கில் அதைத்தான் செய்தார்கள். 1978இல் வட மார்ஷல் தீவுகளில் ஒரு பெரிய சர்வே, 1990களின் தொடக்கத்தில் நாடு முழுக்க இன்னொன்று. அந்த மண் அளவுகளை வைத்து 25 பவளத்தீவு மக்களுக்கு டோஸ் போட்டார்கள், சிறுநீர் எடுக்காத தீவுகளுக்கும் சேர்த்து.

ஆனால் கவனி. நெருப்புக் கோளம் ஆறும்போது எல்லாம் ஒரே சமயத்தில் கெட்டியாவதில்லை. சிர்கோனியம் மாதிரியானவை முதலில் உறைந்து பெரிய துகளில் சேர்ந்து கிட்டத்திலேயே விழும். சீசியமும் அயோடினும் ஆவியாகவே இருந்து, பிந்தி, சின்னத் துகளின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு தூரம் போகும். ஆகவே கிட்டத்துத் தீவில் மண்ணில் உள்ள சீசியத்துக்கும் மொத்தச் சாம்பலுக்கும் உள்ள விகிதம் ஒன்று, தூரத்தில் வேறொன்று. இதைத் திருத்தாமல் போட்டால் எண் தப்பாகும். அப்புறம் ஒரு தீவில் ஒரு குண்டு மட்டும் விழவில்லை, 1946 முதல் 1958 வரை பிகினியிலும் எனிவெடாக்கிலும் 67 வெடிப்புகள். இன்றைய மண்ணில் கிடக்கிற சீசியம் எல்லாவற்றின் கூட்டுத் தொகை, எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும்.

பல் எனாமல் நல்ல வழி, கதிர் பட்ட தடயம் அதில் அழியாமல் தங்கும். ஆனால் அதுவும் உடம்பு முழுக்கப் பட்ட டோஸைத்தான் சொல்லும், தைராய்டைச் சொல்லாது. உணவு வழியாகப் பல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்த ஸ்ட்ரான்சியம்-90 இருந்தால் அதுவும் குழப்பும்.


கலா_எண்கணக்கு:

நான் காப்பீட்டுத் துறையில் புள்ளியியல் வேலை, கதிர்வீச்சு தெரியாது, ஆனால் ரவி தம்பி "பல மடங்கு, பாதி ஊகம்" என்று சொல்லிக்கொண்டே போவதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாப் பிழையும் ஒரே ஜாதி இல்லை.

ஒருத்தி ஒரு கோப்பை கூடக் குடித்தாள், இன்னொருத்தி குறைவாகக் குடித்தாள். இந்த மாதிரிப் பிழை ஆளுக்கு ஆள் தனி, நூறு பேரைச் சேர்த்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சராசரி நேராகும். ஆனால் மீட்டரின் அளவுத்திருத்தம் தப்பு, அல்லது "யாரும் மழைத் தண்ணீர் குடிக்கவில்லை" என்ற அனுமானம் தப்பு என்றால் எல்லார் டோஸும் ஒரே பக்கமாக நகரும். நூறு பேர் இல்லை, பத்தாயிரம் பேரைச் சேர்த்தாலும் அது சரியாகாது. ஐயா சொன்ன காம்பியே விவகாரம் முழுக்க இந்த இரண்டாவது ஜாதி. ஹிரோஷிமாவிலேயே, உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட ஜனங்கள் அவர்கள், டோஸ் முறையை 1965, 1986, 2002 என்று மூன்று தடவை மாற்றியிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் எல்லாருடைய எண்ணும் சேர்ந்து நகர்ந்தது.

நளினி, உன் மூன்றாவது கேள்விக்கு: தனி ஆளுக்குச் சொல்லலாம், ஆனால் அது அவரைப் போன்ற ஆட்களின் எண்தான், அவருடைய எண் கிடையாது. கீழே இத்தனை மேலே இத்தனை என்று அகலம் போட்டுத்தான் சொல்ல வேண்டும், அந்த அகலம் சுலபமாக இரண்டு மூன்று மடங்கு போகும். கூட்டத்துக்குச் சொல்லும்போது கதை வேறு. அதே 2010 ஆய்வு வரிசையில், மார்ஷல் தீவுகளில் 25,000 பேருக்கு மேல் கொண்ட தொகுதியில், சாம்பல் இல்லாமலே எப்படியும் வரக்கூடிய சுமார் 10,600 புற்றுநோய்களுக்கு மேல் கூடுதலாக சுமார் 170 என்று மதிப்பிட்டார்கள். 1.6 சதவீதம் என்று பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் ரொங்கெலாப், அய்லிங்கினே 82 பேரை மட்டும் எடுத்தால் அவர்களுக்கு வருகிற புற்றுநோயில் 55 சதவீதம் சாம்பலால், அகலம் 28 முதல் 69 வரை. உட்ரிக்கில் 10 சதவீதம். ஒரே நாட்டுச் சராசரிக்குள் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒளித்து வைக்க முடியும், எங்கள் தொழிலில் இது தினசரி நடக்கிறது, அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.


மாணிக்கம்_பட்டர்வொர்த்:

கலா அம்மா அருமையாகச் சொன்னீர்கள். நான் கேட்க வருவது அதற்கு அடுத்தது: அந்த அகலம் யார் தலையில் விழுகிறது?

பிரான்ஸில் 2010இல் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. பின்னால் வருடத்துக்கு 1 மில்லிசீவெர்ட் (டோஸின் இன்னொரு அலகு, காமாவுக்கு 0.1 ரேட்) என்று ஒரு கோடு கிழித்தார்கள், உங்களுக்குப் பட்டது அதற்குக் கீழே என்று கணக்குச் சொன்னால் மனு தள்ளுபடி. அந்தக் கணக்கு எந்தக் கணக்கு? தண்ணீர் விஷயத்தில் தடுமாறிய அதே கணக்கு. 2021 ஆய்வு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கக் கூடியவர்கள் 110,000 பேர் இருக்கலாம் என்றது. பெரும்பாலும் 1974 ஜூலை 17 'சாந்தோர்' வெடிப்பால், மேகம் எதிர்பார்த்த உயரத்துக்கு ஏறாமல் தாஹிட்டிப் பக்கம் போய்விட்டது. மூன்று மடங்கு அகலம் உள்ள ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மெல்லிய கோட்டில் ஆளைத் தள்ளுவது என்ன நியாயம்?

மார்ஷல் தீவுகளில் வேறு வழி எடுத்தார்கள். 1988இல் தொடங்கிய அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நோய்ப் பட்டியல் ஒன்று வைத்தது. அந்தக் காலத்தில் அங்கே இருந்தாய், பட்டியலில் உள்ள நோய் வந்திருக்கிறது, போதும், டோஸ் நிரூபிக்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் நாணயமான வழியாகப் படுகிறது. பணம் போதாமல் போனது தனிச் சோகம், அது கணக்குப் போட்டவர்கள் குற்றமில்லை.


ரவி_செந்தூல்:

ஐயா, அதில் எனக்கு ஒரு ஆனால் உண்டு. டோஸே வேண்டாம் என்றால் தென் மார்ஷல் தீவுகளில் மஜூரோவில் இருந்தவருக்கும் ரொங்கெலாப்பில் இருந்தவருக்கும் ஒரே வரிசை. பணம் அளவாக இருக்கும்போது அதிகம் பட்டவர்களுக்குக் குறையும். மஜூரோ தைராய்டு டோஸ் ரொங்கெலாப்போடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. கணக்கே வேண்டாம் என்பதைவிட, சந்தேகம் வந்தால் ஆளுக்குச் சாதகமாக, அகலத்தின் மேல் நுனியை எடுத்துக்கொள் என்று விதி வைக்கலாம்.


மாணிக்கம்_பட்டர்வொர்த்:

மேல் நுனியை எடுப்பதாக எழுதிவிட்டு அகலத்தையே குறைத்துப் போடுவார்கள் தம்பி. நான் அரசாங்கப் படிவங்களோடு முப்பது வருடம் வாழ்ந்தவன்.


ஈப்போ_பையன்:

இப்போது கேஎல், சொந்த ஊர் ஈப்போ பக்கம். இந்த இழையைப் படிக்கும்போது புக்கிட் மேராதான் ஞாபகம் வருகிறது. அங்கே அரிய மண் தனிமங்களைப் பிரித்த ஏஷியன் ரேர் எர்த் ஆலையை 1982இல் தொடங்கி 1994இல் மூடினார்களே, தோரியம் கழிவு. அங்கே இருந்தவர்களுக்கு இதே மாதிரி பின்னோக்கிக் கணக்குப் போட முடியுமா ரவி அண்ணா?


ரவி_செந்தூல்:

தம்பி, பாதை வேறு. குண்டுச் சாம்பலில் எல்லாம் சில மணி நேரம், சில நாளில் நடந்து முடிந்துவிடும், அயோடின்தான் வில்லன். தோரியம்-232க்கு அரை ஆயுள் 1400 கோடி வருடம். நேரத்தோடு குறையாது, அதனால் பின்னோக்கி நடக்கிற அந்த 7-க்கு-10 வேலை எதுவும் வேண்டாம். அன்றைய அளவு இன்றைய அளவு இரண்டும் ஒன்றே, மண் அசையாமல் இருந்தால். ஆனால் அங்கே கழிவை அள்ளி கிளேடாங் மலைத்தொடரில் புதைத்துவிட்டார்கள், இடத்தைச் சுத்தம் செய்துவிட்டார்கள். மண்ணின் சாட்சியம் போய்விட்டது. மிச்சம் அந்தக் காலத்து மீட்டர் பதிவுகள், யார் வீடு எங்கே இருந்தது, யார் உள்ளே வேலை பார்த்தார்கள், கழிவை வீட்டுக்கு உரமாகவோ மேடு நிரப்பவோ யார் எடுத்துப் போனார்கள் என்ற விவரம். தூசியாக மூச்சில் போனதுதான் அங்கே பெரிய கேள்வி. வயதானவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டிய விஷயம். தனி இழை தொடங்கு, நான் வருகிறேன்.


நளினி_குளுகோர்:

எல்லாருக்கும் கோடி நன்றி. செமினாரில் இப்படிச் செய்யப் போகிறேன்: முதல் ஸ்லைடில் 175 போடமாட்டேன். ரொங்கெரிக்கின் 98, 50–65, 38. அப்புறம் ரவி அண்ணா சொன்ன இரண்டு கோடுகள், வெளி டோஸும் தைராய்டும். தண்ணீர்த் தொட்டிக்குத் தனியாக ஒரு ஸ்லைடு. கலா அக்கா, பொதுப் பிழை தனிப் பிழை விஷயத்தை ஒரே ஒரு படத்தில் காட்ட வழி இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், எனக்கு இருபது நிமிடம்தான்.


கலா_எண்கணக்கு:

அனுப்புகிறேன். நூறு புள்ளி போட்ட ஒரு படம், அதையே மொத்தமாக ஒரு பக்கம் தள்ளி வைத்த இன்னொரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. புள்ளிகள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்து "துல்லியமாக இருக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள், அப்போது இரண்டாவது படத்தைக் காட்டு.


மாணிக்கம்_பட்டர்வொர்த்:

வெளி ஆட்கள் வந்து உட்காரலாமா அம்மா? எந்த நாள் என்று சொன்னால் ஃபெரி ஏறி வந்துவிடுகிறேன். கேள்வி எதுவும் கேட்கமாட்டேன், மழைத் தண்ணீரைப் பற்றி ஒன்றே ஒன்றைத் தவிர.